திறந்த பொருளாதாரத்தில் பணவீக்கம்

திறந்த பொருளாதாரத்தில் பணவீக்கம் என்பது, பிற நாடுகளுடன் பொருட்கள், சேவைகள், மூலதனம் ஆகியவற்றைப் பரிமாறிக்கொள்ளும் ஒரு நாட்டில் பொது விலைமட்டம் தொடர்ச்சியாக உயர்வதைக் குறிக்கும். மூடிய பொருளாதாரத்தில் விலைமட்டத்தை உள்நாட்டுத் தேவை, அளிப்பு, பண அளவு ஆகியவையே தீர்மானிக்கின்றன. திறந்த பொருளாதாரத்தில் இவற்றுடன் இறக்குமதிப் பொருட்களின் உலகச் சந்தை விலை, நாணயமாற்று வீதம், வெளிநாட்டு வட்டி வீதம் ஆகியனவும் சேர்ந்துகொள்கின்றன. வெளிநாட்டில் தோன்றி இறக்குமதி விலைகளின் ஊடாக உள்நாட்டுக்கு வரும் விலை உயர்வு இறக்குமதிப் பணவீக்கம் எனப்படும்.

இறக்குமதி விலை உயர்வு பொதுவாக விலைமட்டத்தை ஒரு முறை மேலே தள்ளுகிறது. அது ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் பணவீக்கமாக மாறுமா என்பது உள்நாட்டுக் கூலி, அரசின் வரவுசெலவு, மக்களின் எதிர்பார்ப்பு, மத்திய வங்கியின் வட்டிக் கொள்கை ஆகியவற்றைப் பொறுத்தது. இந்த வேறுபாடு திறந்த பொருளாதாரங்களின் பணவியல் கொள்கையில் அடிப்படையானதாகக் கருதப்படுகிறது.

அடிப்படைச் சொற்கள்

- நாணயமாற்று வீதம்: ஒரு நாட்டின் நாணயத்துக்கும் மற்றொரு நாட்டின் நாணயத்துக்கும் இடையிலான விலை. இக்கட்டுரையில் ஒரு வெளிநாட்டு நாணய அலகுக்குக் கொடுக்க வேண்டிய உள்நாட்டு நாணய அளவு என்னும் பொருளிலேயே இது கையாளப்படுகிறது.
- மதிப்பிறக்கம்: அதே வெளிநாட்டு நாணய அலகை வாங்குவதற்கு முன்னரைவிட அதிக உள்நாட்டு நாணயம் தேவைப்படும் நிலை. இதன் எதிர்நிலை மதிப்பேற்றம் ஆகும்.
- கொள்கை வட்டி வீதம்: வணிக வங்கிகளுடனான குறுங்காலக் கொடுக்கல் வாங்கலுக்கு மத்திய வங்கி அறிவிக்கும் வட்டி வீதம். சந்தையில் உள்ள பிற வட்டி வீதங்கள் பெரும்பாலும் இதனைப் பின்தொடர்கின்றன.
- ஊடுகடத்தல்: நாணயமாற்று வீதத்தில் ஏற்படும் மாற்றத்தில் எத்தனை பங்கு உள்நாட்டு விலைகளைச் சென்றடைகிறது என்பதன் அளவு.

இறக்குமதி விலை பணவீக்கமாக மாறும் வழிகள்

உள்நாட்டு நாணயத்தில் ஒரு பொருளின் இறக்குமதி விலை, அதன் உலகச் சந்தை விலையை நாணயமாற்று வீதத்தால் பெருக்கிப் பெறப்படுவதாகும். எனவே இரண்டில் எது உயர்ந்தாலும் இறக்குமதி விலை உயரும். 1973-74 காலப்பகுதியில் பாறை எண்ணெயின் விலை பீப்பாய் ஒன்றுக்குச் சுமார் 3 டாலரில் இருந்து 12 டாலர் அளவுக்கு உயர்ந்தமை உலகச் சந்தை விலையால் வந்த அதிர்ச்சிக்கு எடுத்துக்காட்டாகும். உலக விலை மாறாதிருக்கும்போதே நாணயம் மதிப்பிழப்பது இரண்டாம் வகையைச் சேர்ந்தது. விலை உயர்வு மூன்று நிலைகளில் பரவுகிறது.

1. நேரடி விளைவு: இறக்குமதியாகி நேரடியாக நுகரப்படும் எரிபொருள், கோதுமை, பருப்பு, மருந்து போன்றவற்றின் விலை உயர்வு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணில் உடனே பதிவாகிறது.
2. மறைமுக விளைவு: இறக்குமதி செய்யப்பட்ட மூலப்பொருள், உரம், இயந்திரம் ஆகியவற்றைக் கொண்டு உள்நாட்டில் செய்யப்படும் பொருட்களின் ஆக்கச் செலவு உயர்கிறது. டீசல் விலை உயரும்போது உள்நாட்டில் விளைந்த காய்கறியின் விலையும் உயர்வது இதனாலாகும்.
3. இரண்டாம் சுற்று விளைவு: வாழ்க்கைச் செலவு உயர்ந்ததால் தொழிலாளர் கூலி உயர்வு கோருகின்றனர், கூலி உயர்ந்ததால் நிறுவனங்கள் விலையை உயர்த்துகின்றன. இச்சுழற்சி தொடங்கினால் முதல் அதிர்ச்சி மறைந்த பின்னரும் பணவீக்கம் நீடிக்கும்.

முதலிரு நிலைகளையும் வட்டி வீதத்தால் தடுப்பது கடினம். ஒரு சிறிய நாடு வட்டியை உயர்த்துவதால் உலக எண்ணெய் விலை குறைந்துவிடாது. மூன்றாம் நிலையைத் தடுப்பதே மத்திய வங்கிகளின் முதன்மையான நோக்கமாக உள்ளது.

எளிய கணக்கு

நுகர்வோர் கூடையில் இறக்குமதிப் பொருட்களின் பங்கு "இ" என்றும், இறக்குமதிப் பொருட்களில் ஊடுகடத்தல் முழுமையானது என்றும் கொண்டால் பணவீக்கத்தைப் பின்வருமாறு எழுதலாம்.

மொத்தப் பணவீக்கம் = (1 − இ) × உள்நாட்டுப் பொருட்களின் விலை உயர்வு + இ × (வெளிநாட்டு விலை உயர்வு + மதிப்பிறக்க வீதம்)

இறக்குமதியின் பங்கு 0.3, உள்நாட்டுப் பொருட்களின் விலை உயர்வு 4 விழுக்காடு, வெளிநாட்டு விலை உயர்வு 2 விழுக்காடு எனக் கொள்வோம். நாணயமாற்று வீதம் மாறாதிருந்தால் மொத்தப் பணவீக்கம் 2.8 + 0.6 = 3.4 விழுக்காடாகும். நாணயம் 10 விழுக்காடு மதிப்பிழந்தால் அது 2.8 + 3.6 = 6.4 விழுக்காடாக உயரும்.

அடுத்த ஆண்டில் நாணயம் மேலும் மதிப்பிழக்காவிட்டால், பிற யாவும் மாறாத நிலையில், பணவீக்கம் மீண்டும் 3.4 விழுக்காட்டுக்குத் திரும்பும். ஆனால் விலைமட்டம் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. பணவீக்கம் குறைவது என்பது விலைகள் குறைவதன்று. விலைகள் உயரும் வேகம் குறைவதேயாகும்.

ஊடுகடத்தல் முழுமையற்றதாக இருத்தல்

நடைமுறையில் நாணய மதிப்பிறக்கம் முழுவதும் கடைவிலையைச் சென்றடைவதில்லை. ஒரு பொருளின் இறக்குமதி விலை 100 டாலர் என்றும், போக்குவரத்து, வாடகை, கூலி, வணிகரின் இலாபம் போன்ற உள்நாட்டுச் செலவுகள் 20,000 ரூபாய் என்றும் கொள்வோம். டாலர் ஒன்று 200 ரூபாயாக இருக்கும்போது கடைவிலை 40,000 ரூபாய் ஆகும். டாலர் 360 ரூபாய் ஆனால் கடைவிலை 56,000 ரூபாய் ஆகும். டாலரின் விலை 80 விழுக்காடு உயர்ந்தும் பொருளின் விலை 40 விழுக்காடே உயர்ந்துள்ளது. எனினும் உள்நாட்டுச் செலவுகளும் பின்னர் உயரத் தொடங்கினால் இந்த இடைவெளி சுருங்கிவிடும்.

ஊடுகடத்தலைக் குறைக்கும் பிற காரணங்கள் வருமாறு:

- போட்டி மிகுந்த சந்தையில் வெளிநாட்டு ஏற்றுமதியாளர் தமது இலாபத்தைக் குறைத்து விலையைப் பேணுதல்.
- இறக்குமதிக்கான விலை, இறக்குமதி செய்யும் நாட்டின் நாணயத்திலேயே குறிக்கப்படுதல். டாலரில் பெருமளவு இறக்குமதி செய்யும் ஐக்கிய அமெரிக்காவுக்கு இது சாதகமாக உள்ளது.
- அரசு மானியத்தின் மூலமாகவோ விலைக் கட்டுப்பாட்டின் மூலமாகவோ உயர்வைத் தள்ளிப்போடுதல். இவ்வாறு தள்ளிப்போடப்பட்ட உயர்வு அரசின் பற்றாக்குறையாகவோ பொது நிறுவனங்களின் கடனாகவோ சேர்ந்து, பின்னர் ஒரே முறையில் வெளிப்படக்கூடும்.
- பணவீக்கம் தாழ்ந்து நிலைத்திருக்கும் சூழல். செலவு உயர்வு தற்காலிகமானது என்று கருதும் நிறுவனங்கள் உடனே விலையை உயர்த்துவதில்லை என 2000ஆம் ஆண்டில் பொருளியலாளர் ஜோன் டெய்லர் வாதிட்டார்.

வளர்ந்த நாடுகள் 23ஐ ஆய்வு செய்து ஒசே காம்பா, லிண்டா கோல்ட்பர்க் ஆகியோர் 2005 இல் வெளியிட்ட ஆய்வின்படி, இறக்குமதி விலைகளுக்கான ஊடுகடத்தல் சராசரியாக ஒரு காலாண்டுக்குள் 46 விழுக்காடாகவும் நீண்டகாலத்தில் சுமார் 64 விழுக்காடாகவும் இருந்தது. ஐக்கிய அமெரிக்காவில் இது முறையே சுமார் 25, 40 விழுக்காடுகளாகும். இவை துறைமுக நிலையிலான இறக்குமதி விலைகளுக்கு உரியவை; நுகர்வோர் விலைகளுக்கான ஊடுகடத்தல் இவற்றிலும் குறைவு.

வட்டி வீதம் செயற்படும் வழிகள்

உள்நாட்டுத் தேவை வழி

வட்டி உயரும்போது கடன் வாங்குவது செலவு மிக்கதாகிறது. சேமிப்பு ஆதாயம் தருகிறது. இதனால் வீடு, வாகனம், தொழில் முதலீடு ஆகியவற்றுக்கான செலவு குறைந்து, பொருளாதாரத்தில் மொத்தத் தேவை தணிகிறது. இறக்குமதிக்கான தேவையும் இதனுடன் குறைகிறது. இவ்வழி மெதுவாகச் செயற்படுவது. முழு விளைவு தெரிய ஓராண்டு முதல் ஈராண்டு வரை ஆகலாம்.

நாணயமாற்று வீத வழி

உள்நாட்டு வட்டி உயர்ந்தால், பிற நிலைமைகள் மாறாதபோது, அந்நாட்டு நாணயத்தில் முதலிடுவது கவர்ச்சி பெறுகிறது. மூலதனம் உள்ளே வர நாணயம் மதிப்பேறுகிறது. இறக்குமதி விலை குறைகிறது. இவ்வழி விரைவானது. இறக்குமதியின் பங்கு அதிகமாக உள்ள சிறிய நாடுகளில் இது தேவை வழியைவிட முன்னதாகவே விலைகளைப் பாதிக்கிறது.

ஆயினும் இவ்வழியின் பயன் தற்காலிகமானது. மேற்கண்ட கணக்கில் நாணயம் ஓராண்டில் 5 விழுக்காடு மதிப்பேறினால் பணவீக்கம் 2.8 − 0.9 = 1.9 விழுக்காடாகக் குறையும். மதிப்பேற்றம் நின்றவுடன் அது 3.4 விழுக்காட்டுக்கு மீளும். நாணயம் பழைய நிலைக்கு இறங்கினால் அவ்வாண்டில் பணவீக்கம் இன்னும் கூடுதலாகும். இக்காரணத்தால் நாணயமாற்று வீதத்தின் தற்காலிக விளைவை நீக்கிக் கணக்கிட்ட பணவீக்கத்தையே மத்திய வங்கி இலக்காகக் கொள்ளவேண்டும் என லாரன்சு பால் 1999 இல் வாதிட்டார்.

வட்டிச் சமநிலை

நாணயமாற்று வீதத்துக்கும் வட்டிக்கும் இடையிலான தொடர்பை வட்டிச் சமநிலைக் கோட்பாடு விளக்குகிறது. உள்நாட்டு வட்டி 10 விழுக்காடாகவும் வெளிநாட்டு வட்டி 4 விழுக்காடாகவும் இருந்தால், உள்நாட்டு நாணயம் ஓராண்டில் ஏறத்தாழ 6 விழுக்காடு மதிப்பிழக்கும் என்று முதலீட்டாளர் எதிர்பார்க்கும்போதே இரு முதலீடுகளும் சமமாகும். இதற்கு நாட்டின் இடர் ஈட்டுத்தொகையையும் சேர்க்க வேண்டும். கடனைத் திருப்பிச் செலுத்த இயலுமா என்ற ஐயத்துக்கு உள்ளான நாடு வட்டியை உயர்த்தினாலும் அதன் நாணயம் வலுப்பெறாமல் போவது இவ்விடரினாலாகும்.

பெரிய நாடுகளின் வட்டி மாற்றமும் இதே வழியில் சிறிய நாடுகளைச் சென்றடைகிறது. ஐக்கிய அமெரிக்காவின் மத்திய வங்கி தனது கொள்கை வட்டியின் மேல் எல்லையை 2022 மார்ச்சு தொடக்கத்தில் இருந்த 0.25 விழுக்காட்டில் இருந்து 2023 சூலைக்குள் 5.50 விழுக்காட்டுக்கு உயர்த்தியது. 2022 இல் டாலர் வலுப்பெற்றதால் டாலரில் எண்ணெயும் உணவும் வாங்கிய பல நாடுகளின் இறக்குமதிச் செலவு மேலும் கூடியது.

எதிர்பார்ப்பு வழி

மத்திய வங்கி பணவீக்கத்தைக் கட்டுப்படுத்தும் என மக்கள் நம்பினால் கூலி, விலை ஒப்பந்தங்கள் அந்த நம்பிக்கைக்கு ஏற்ப அமைகின்றன. நம்பிக்கை குலைந்தால் ஒவ்வொரு மதிப்பிறக்கமும் முழுமையாக விலையில் ஏற்றப்படுகிறது. நியூசிலாந்து 1990 இல் பணவீக்க இலக்கை வெளிப்படையாக அறிவித்துப் பின்பற்றத் தொடங்கிய பின்னர், பல நாடுகள் இம்முறையை மேற்கொண்டமைக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

மூன்றில் இரண்டு

ராபர்ட் முண்டெல், மார்கஸ் பிளெமிங் ஆகியோர் 1960களில் உருவாக்கிய மாதிரியில் இருந்து ஒரு முக்கிய முடிவு பெறப்பட்டது. நிலையான நாணயமாற்று வீதம், தடையற்ற மூலதன நகர்வு, தன்னுரிமை கொண்ட வட்டிக் கொள்கை ஆகிய மூன்றையும் ஒரு நாடு ஒருசேரப் பெற இயலாது. இரண்டையே தெரிவு செய்யலாம். 1983 முதல் தனது நாணயத்தை ஐக்கிய அமெரிக்க டாலருடன் பிணைத்துள்ள ஆங்காங், வட்டிக் கொள்கையைக் கைவிட்டுள்ளது. மிதக்கும் நாணயத்தைக் கொண்ட நியூசிலாந்து வட்டிக் கொள்கையைத் தன்வசம் வைத்துள்ளது.

சிங்கப்பூர் வேறொரு வழியைக் கையாளுகிறது. அந்நாட்டின் வெளிநாட்டு வணிகம் மொத்த உள்நாட்டு உற்பத்தியைவிடப் பன்மடங்கு பெரியது. நுகர்வில் பெரும்பகுதி இறக்குமதியாகும். எனவே சிங்கப்பூர் நாணய ஆணையம் 1981 முதல் வட்டி வீதத்துக்குப் பதிலாக நாணயமாற்று வீதத்தையே கொள்கைக் கருவியாகக் கொண்டுள்ளது. வணிகப் பங்காளி நாடுகளின் நாணயங்களுக்கு எதிரான தனது நாணயத்தின் சராசரி மதிப்பை ஒரு பட்டைக்குள் நகரவிட்டு, அதன் சரிவையும் நடுப்புள்ளியையும் மாற்றுகிறது. உலக விலைகள் ஏறிய 2021 அக்டோபர் முதல் 2022 அக்டோபர் வரை இக்கொள்கை ஐந்து முறை இறுக்கப்பட்டது.

எடுத்துக்காட்டுகள்

ஐக்கிய இராச்சியமும் சுவீடனும், 1992

1992 செப்டம்பர் 16 அன்று பவுண்டின் மதிப்பைக் காக்க ஐக்கிய இராச்சியம் வட்டியை 10 விழுக்காட்டில் இருந்து 12 ஆக உயர்த்தி, 15 ஆகவும் உயர்த்துவதாக அறிவித்தது. இருந்தும் அன்று மாலையே ஐரோப்பிய நாணயமாற்று வீதப் பொறிமுறையில் இருந்து விலகியது. அதே நாளில் சுவீடனின் மத்திய வங்கி தனது குறுங்கால வட்டியை 500 விழுக்காட்டுக்கு உயர்த்தியது; எனினும் நவம்பர் 19 அன்று அந்நாடும் நாணயத்தை மிதக்கவிட்டது. இரு நாணயங்களும் கணிசமாக மதிப்பிழந்தன. ஆனால் எதிர்பார்க்கப்பட்ட பெரும் பணவீக்கம் வரவில்லை. ஐக்கிய இராச்சியத்தில் 1993ஆம் ஆண்டின் பணவீக்கம் 3 விழுக்காட்டுக்கும் குறைவாகவே இருந்தது. இரு நாடுகளிலும் வேலையின்மை மிகுந்து தேவை தளர்ந்திருந்தமையால் நிறுவனங்கள் செலவு உயர்வை விலையில் ஏற்ற இயலாதிருந்ததே இதற்கு முதன்மைக் காரணமாகும். இரு நாடுகளும் விரைவில் பணவீக்க இலக்கு முறைக்கு மாறின.

நியூசிலாந்து, 1997-98

நியூசிலாந்தின் மத்திய வங்கி 1997 இல் வட்டியையும் நாணயமாற்று வீதத்தையும் இணைத்த ஒரே சுட்டெண்ணைக் கொள்கை வழிகாட்டியாகக் கொண்டது. இதன்படி நாணயம் மதிப்பிழந்தால் வட்டி உயரவேண்டும். ஆசிய நிதி நெருக்கடியால் ஏற்றுமதி வீழ்ந்து நாணயமும் மதிப்பிழந்தபோது, தளர்ந்த பொருளாதாரத்தில் வட்டி உயர்ந்து நின்றது. 1998 இல் நாடு பின்னடைவைச் சந்தித்தது. 1999 இல் இம்முறை கைவிடப்பட்டு அலுவல்முறைக் கொள்கை வட்டி அறிமுகப்படுத்தப்பட்டது. நாணயம் ஏன் மதிப்பிழக்கிறது என்பதை ஆராயாமல் வட்டியை மாற்றுவது தவறான விளைவைத் தரும் என்பதற்கு இந்நிகழ்வு காட்டாக எடுத்தாளப்படுகிறது.

துருக்கி, 2021-24

துருக்கியில் பணவீக்கம் உயர்ந்து கொண்டிருந்தபோதே கொள்கை வட்டி 2021 செப்டம்பர் முதல் திசம்பர் வரை 19 விழுக்காட்டில் இருந்து 14 ஆகக் குறைக்கப்பட்டது. லீராவின் மதிப்பு விரைவாக வீழ்ந்தது. 2022 இல் உலக எரிபொருள் விலையும் உயர, ஆண்டுப் பணவீக்கம் 2022 அக்டோபரில் 85.5 விழுக்காட்டை எட்டியது. 2023 சூனில் 8.5 விழுக்காடாக இருந்த வட்டி படிப்படியாக உயர்த்தப்பட்டு 2024 மார்ச்சில் 50 விழுக்காடானது. நம்பிக்கையை இழந்த பின்னர் அதனை மீட்பதற்கு ஆகும் செலவு மிகப் பெரிது என்பதை இது காட்டுகிறது.

இலங்கை, 2022

2019 இறுதியில் அறிவிக்கப்பட்ட வரிக்குறைப்பால் அரசின் வருவாய் குறைந்தது. சுற்றுலா வருவாய் பெருந்தொற்றால் வீழ்ந்தது. மத்திய வங்கி அரசின் பற்றாக்குறைக்குப் பெருமளவு நிதியளித்தது. 2021 இல் வேதி உர இறக்குமதித் தடையால் விளைச்சல் பாதிக்கப்பட்டது. இந்நிலையிலும் டாலரின் விலை சுமார் 200 ரூபாயில் பிடித்து வைக்கப்பட்டதால் அந்நியச் செலாவணிக் கையிருப்பு கரைந்தது. 2022 மார்ச்சில் கட்டுப்பாடு தளர்த்தப்பட்டதும் மே மாதத்துக்குள் டாலர் சுமார் 360 ரூபாய் ஆனது. ஏப்ரல் 8 அன்று மத்திய வங்கி தனது வட்டி வீதங்களை ஒரே முறையில் 7 விழுக்காட்டுப் புள்ளிகள் உயர்த்தி 13.50, 14.50 விழுக்காடுகளாக்கியது. நான்கு நாட்களின் பின் அரசு வெளிநாட்டுக் கடன் செலுத்துவதை இடைநிறுத்தியது.

கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 2022 செப்டம்பரில் 69.8 விழுக்காடாக உச்சமடைந்தது. உணவுப் பணவீக்கம் 94.9 விழுக்காடாக இருந்தது. ஓராண்டின் பின், 2023 செப்டம்பரில், பணவீக்கம் 1.3 விழுக்காடாகக் குறைந்தது. உயர் வட்டியால் தேவை சுருங்கியமை, பன்னாட்டு நாணய நிதியத்தின் திட்டத்துக்குப் பின் ரூபாய் ஓரளவு மீண்டமை, உலக விலைகள் தணிந்தமை, ஒப்பிடும் அடிப்படை ஆண்டின் விலைகள் ஏற்கெனவே உயர்ந்திருந்தமை ஆகியன இதற்குக் காரணங்களாகும். ஆனால் 2022 இல் ஏறிய விலைமட்டத்தின் பெரும்பகுதி அப்படியே நிலைத்தது.

பங்கீட்டு விளைவுகள்

இறக்குமதி விலை உயர்வு என்பது ஒரு நாடு அதே அளவு இறக்குமதிக்குக் கூடுதலான ஏற்றுமதியைக் கொடுக்க வேண்டிய நிலையாக இருந்தால், அந்நாடு அந்த அளவுக்கு ஏழையாகிறது. இவ்விழப்பை வட்டிக் கொள்கையால் நீக்க இயலாது. யார் அதனைத் தாங்குவது என்பதையே கொள்கை மாற்றுகிறது.

- வட்டியை உயர்த்தாவிட்டால் நிலையான கூலி, ஓய்வூதியம், வங்கிச் சேமிப்பு ஆகியவற்றை நம்பி வாழ்வோர் விலை உயர்வின் வழியாக இழக்கின்றனர். வருவாயில் பெரும்பங்கை உணவுக்குச் செலவிடும் ஏழைகளுக்கு இச்சுமை அதிகம்.
- வட்டியை உயர்த்தினால் கடன்பட்ட குடும்பங்கள், சிறுதொழில்கள், வேலை இழப்போர் ஆகியோர் சுமக்கின்றனர். அரசின் வட்டிச் செலவும் உயர்கிறது.
- மதிப்பிறக்கத்தால் ஏற்றுமதியாளரும், வெளிநாட்டில் உள்ள உறவினரிடமிருந்து பணம் பெறுவோரும் பயனடையலாம். வெளிநாட்டு நாணயத்தில் கடன் வாங்கியோர் இழக்கின்றனர்.

வரம்புகளும் விமர்சனங்களும்

இறக்குமதியால் வரும் பணவீக்கத்துக்கு வட்டி உயர்வு தக்க மருந்தன்று என்ற விமர்சனம் பலகாலமாக உள்ளது. வட்டியே ஆக்கச் செலவின் ஒரு பகுதியாதலால், கடன் கொண்டு இயங்கும் நிறுவனங்கள் அதனையும் விலையில் சேர்க்கக்கூடும் என்றும் வாதிடப்படுகிறது. தற்காலிக அதிர்ச்சிகளைப் பொறுத்துக்கொண்டு, இரண்டாம் சுற்று விளைவு தோன்றும்போது மட்டும் செயற்படுவது சிறந்தது என்பது ஒரு சாராரின் கருத்து. அதிர்ச்சி தற்காலிகமானதா என்பது முன்கூட்டித் தெரியாது. காத்திருந்தால் எதிர்பார்ப்புகள் நிலைகுலையும் என்பது மறுசாராரின் கருத்து. 2021 இல் பல வளர்ந்த நாடுகளின் மத்திய வங்கிகள் விலை உயர்வைத் தற்காலிகமானதாகக் கருதி, 2022 இல் வட்டியை விரைந்து உயர்த்த நேர்ந்தமை இவ்விவாதத்தைப் புதுப்பித்தது.

வட்டி வீதம் தனித்துச் செயற்படுவதில்லை. அரசின் பற்றாக்குறை மத்திய வங்கியின் பணத்தால் நிரப்பப்படும் நாடுகளிலும், வெளிநாட்டு நாணயத்தில் பெருங்கடன் கொண்ட நாடுகளிலும் அதன் ஆற்றல் குறைகிறது. போதிய அந்நியச் செலாவணிக் கையிருப்பு, ஒழுங்கான வரவுசெலவு, பலவகைப்பட்ட ஏற்றுமதி, எரிபொருள் இறக்குமதியில் தங்கியிருப்பதைக் குறைத்தல் ஆகியவை இறக்குமதி அதிர்ச்சிகளின் தாக்கத்தை முன்கூட்டியே மட்டுப்படுத்துகின்றன.

இவற்றையும் பார்க்கவும்

- பணவீக்கம்
- நாணயமாற்று வீதம்
- பணவியல் கொள்கை
- நுகர்வோர் விலைச் சுட்டெண்
- மத்திய வங்கி
- வணிகச் சமநிலை
- பன்னாட்டு நாணய நிதியம்